முதல் ஏவலுக்கு எந்த ராக்கெட்? பிஎஸ்எல்வி, எஸ்எல்வி-3, ஆர்எச்-75: ஓர் ஒப்பீடு

தருமபுரி மாவட்டத்தில் ஏதாவது ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்குள் போய், "அளவு மாதிரி ராக்கெட் ஒன்று செய்து பறக்கவிடலாம், எதைச் செய்யலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். பாதி வகுப்பு பிஎஸ்எல்வி என்று கத்தும். மீதியில் பாதி சந்திரயான் என்னும். அது ராக்கெட் இல்லை, ராக்கெட்டில் ஏறிப் போனது என்று விளக்குவதற்குள் மணி அடித்துவிடும். கலாமைப் பற்றிப் படித்த ஒன்றிரண்டு பேர் எஸ்எல்வி-3 என்பார்கள். ஆர்எச்-75 என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான் சிபாரிசு செய்யப்போவது அதைத்தான்.

காரணம் சொல்வதற்கு முன் ஒரு அடிப்படை. அளவு மாதிரி என்றால் அசலின் விட்டம், நீளம், துடுப்பின் வடிவம் எல்லாமே ஒரே விகிதத்தில் சுருங்கியிருக்க வேண்டும். 1:40 என்றால் அங்கே 40 மீட்டர், இங்கே ஒரு மீட்டர். கண்ணாடி அலமாரியில் வைக்க இவ்வளவு போதும். பறக்கவும் வேண்டும் என்றதும்தான் வில்லங்கம் ஆரம்பிக்கிறது. உடம்பைச் சுருக்கிவிடலாம், அசல் ராக்கெட்டைப் போகும் வழியில் திருத்தித் திருத்தி நேராக்குகிற கட்டுப்பாட்டுக் கருவிகளை நம்மால் சுருக்கி உள்ளே வைக்க முடியாது. ஆகவே எந்த ராக்கெட் அழகு என்பதைப் பிறகு பார்க்கலாம். எந்த ராக்கெட் கட்டுப்பாடே இல்லாமல் தானாக நேரே போகும் என்பதுதான் முதல் கேள்வி.

பிஎஸ்எல்வி

உயரம் 44.4 மீட்டர், விட்டம் 2.8 மீட்டர், எக்ஸ்எல் வகை என்றால் கிளம்பும்போது எடை 320 டன். இத்தனை பெரிய உருவத்துக்குத் துடுப்பு ஒன்றுகூடக் கிடையாது. முதல் அடுக்கில், வாய்க்குழலுக்குள் ஸ்ட்ரான்ஷியம் பெர்குளோரேட் கரைசலைப் பீய்ச்சி, வெளியேறும் வாயுவின் திசையைச் சாய்க்கிறார்கள். இரண்டாம் அடுக்கில் விகாஸ் எஞ்சினையே அசைத்துத் திருப்புகிறார்கள். இது இரண்டும் இல்லாத அட்டைப் பிஎஸ்எல்வி, கிளம்பும்போது நேராகப் பிடித்துக்கொள்ளும் ஏவுகம்பியை விட்டு வெளியே வந்த கணத்தில் குட்டிக்கரணம் அடிக்கும். அதற்குமேல் தலை வேறு பெருத்தது: செயற்கைக்கோளை மூடியிருக்கும் வெப்பக்கவசத்தின் விட்டம் 3.2 மீட்டர், உடம்பைவிட அதிகம். தலை பெருத்தால் காற்றழுத்தம் முன்பக்கம் கூடும். நமக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு.

இதற்கு மாற்று வழி இல்லாமல் இல்லை. மூக்குக்குள் களிமண்ணோ ஈயக் குண்டோ வைத்துத் தலையைக் கனமாக்கலாம். அல்லது ஓஎச்பி தாள் போல, கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் தகட்டில் பெரிய துடுப்புகள் வெட்டி அடியில் ஒட்டலாம். பத்தடி தள்ளி நின்றால் கண்ணுக்குத் தெரியாது. உலகம் முழுக்க மாதிரி ராக்கெட்காரர்கள் கையாளும் உத்திதான் இது. ஆனால் தலையில் எடை ஏற்றினால் அதைத் தூக்க அதிக விசை வேண்டும். கூடவே முதல் அடுக்கைச் சுற்றியிருக்கும் ஆறு பக்க மோட்டார்களையும் ஒன்றுக்கொன்று இணையாக ஒட்டியாக வேண்டும். ஒன்று சாய்ந்தாலும் ராக்கெட் திருகிக்கொண்டு போகும். 75 மி.மீ. குழாயை உடம்பாக வைத்தால் விகிதம் ஏறக்குறைய 1:37, உயரம் கிட்டத்தட்ட 1.2 மீட்டர், பக்க மோட்டார் ஒவ்வொன்றும் 27 மி.மீ. தடிமன். பார்க்க அம்சமாக இருக்கும். முதல் ராக்கெட்டாக வேண்டாம்.

எஸ்எல்வி-3

இதன் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. 22 மீட்டர், 17 டன், நான்கு அடுக்கும் திட எரிபொருள். 1979 ஆகஸ்ட் 10-ஆம் தேதி முதல் ஏவல் தோற்றது. 1980 ஜூலை 18-ஆம் தேதி இரண்டாவது ஏவலில் 35 கிலோ ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் போய் உட்கார்ந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். பிள்ளைகளிடம் சொல்ல இவ்வளவு நல்ல கதை உள்ள ராக்கெட் வேறு இல்லை. அடியில் துடுப்பும் இருக்கிறது, அதனால் பிஎஸ்எல்வி அளவுக்கு அடம்பிடிக்காது.

சிக்கல் உடம்பில். கீழிருந்து மேலே போகப் போக விட்டம் மாறுகிறது: முதல் அடுக்கு 1 மீட்டர், இரண்டாவது 0.8, மூன்றாவது 0.815. 1:25 அளவில் இவை 40, 32, 32.6 மி.மீ. கடைசி இரண்டுக்கும் உள்ள அரை மி.மீ. சொச்சம் யார் கண்ணுக்கும் படாது, விட்டுவிடலாம். ஆனால் 40-லிருந்து 32-க்கு இறங்கும் இடத்தில் ஒரு கூம்பு வளையம் வேண்டும். அட்டையில் விசிறி வடிவம் வெட்டி, வளைத்து, மையம் பிசகாமல் ஒட்ட வேண்டும். இங்கே ஒரு டிகிரி சாய்ந்தால் மேலே இருக்கிற அரை மீட்டர் உடம்பும் சாயும். குழாய் உருட்டிப் பழகாத கைக்கு இது கொஞ்சம் அதிகம்.

ஆர்எச்-75

செயற்கைக்கோளின் அதே பெயரில், ரோகிணி என்ற வளிமண்டல ஆய்வு ராக்கெட் வரிசையில் முதலாவது. கேரளத்தின் தும்பா ஏவுதளத்திலிருந்து முதன்முதலில், 1963 நவம்பர் 21-ஆம் தேதி, ஏவப்பட்டது அமெரிக்காவின் நைக்கி-அப்பாச்சி. நாமே செய்த ராக்கெட் அங்கிருந்து கிளம்ப 1967 வரை ஆனது. அதுதான் ஆர்எச்-75. பெயரிலுள்ள எண்ணே அதன் விட்டம், 75 மி.மீ. ஒரே குழாய், முன்னால் கூர்மூக்கு, பின்னால் துடுப்பு. உள்ளே திசைதிருப்பும் கருவி எதுவும் கிடையாது. வளிமண்டல ஆய்வு ராக்கெட்டுகளின் குணமே அதுதான்: துடுப்பை நம்பி நேராகப் போகும். நம் அட்டை ராக்கெட்டும் அதே துடுப்பைத்தான் நம்பப் போகிறது. அசலும் நகலும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை என்பதால், வடிவத்தில் பொய் சொல்லாமலே பறக்க வைக்கலாம். கண்ணாடித் துடுப்பு வேண்டாம், தலையில் ஈயமும் அநேகமாக வேண்டாம்.

இன்னொரு அதிர்ஷ்டம். நம் ஊர்க் கொல்லைகளில் பாசனத்துக்குப் பதிக்கிற பிவிசி பைப்பில் 75 மி.மீ. என்பது வெளிவிட்டம். அதை அச்சாக வைத்துச் சார்ட் அட்டையைச் சுற்றினால் ஆர்எச்-75 முழு அளவிலேயே, 1:1-இல் கிடைக்கிறது. பாலக்கோட்டிலோ காவேரிப்பட்டணத்திலோ பைப் கடையில் போய் 75-இல் மூன்றடி மட்டும் வேண்டும் என்று கேட்டால், "என்ன சார், மூணடிலயே போர் போடப் போறீங்களா?" என்பார்கள். துண்டு பைப் என்றால் பாதி நேரம் காசே வாங்க மாட்டார்கள்.

அதே வரிசையின் ஆர்எச்-200-ஐ ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்கலாம். இரண்டடுக்கு, மேலடுக்கு ஒல்லி. 1600 தடவைக்கு மேல் பறந்திருக்கிறது. 2022 நவம்பரில் தொடர்ச்சியாக 200-ஆவது வெற்றியைத் தொட்டது. அருமையான ராக்கெட். ஆனால் இடையிலும் துடுப்பு உண்டு. இடைத் துடுப்பு காற்றழுத்த மையத்தை, அதாவது காற்றின் விசை விழும் இடத்தை, முன்னே இழுக்கும். அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் இன்னொரு யோசனையும் வரும்: திப்புவின் ராக்கெட். இந்தப் பகுதி அடங்கிய பாராமகால் சீமை 1792 வரை மைசூர் வசம் இருந்தது, கிருஷ்ணகிரிக் கோட்டையையும் இராயக்கோட்டையையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த ஆசை வருவது நியாயம்தான். இரும்புக் குழாயில் மருந்து அடைத்து, நீண்ட மூங்கில் கழியைக் கட்டி எய்தார்கள். துடுப்பு செய்கிற வேலையை அந்தக் கழி செய்தது. மரத்தில் கடைந்து வெள்ளிப் பூச்சுப் பூசிக் காட்சிக்கு வையுங்கள், பிரமாதமாக இருக்கும். பறக்கவிடுவதற்கு உலோகக் குழாய் கூடவே கூடாது. மாதிரி ராக்கெட் விதிகளில் முதலில் வருவதே உடம்பு, மூக்கு, துடுப்பு மூன்றும் காகிதம், மரம், பிளாஸ்டிக் என்று இருக்க வேண்டும் என்பதுதான். வெடித்தால் காகிதம் கிழியும், இரும்பு சிதறிப் பாயும்.

மருந்தா, தண்ணீரா

வெளிநாட்டுக் காணொளிகளில் பார்க்கும் மாதிரி ராக்கெட்டுகள் கடையில் வாங்கிய சிறு மோட்டாரில் பறக்கின்றன. கட்டைவிரல் தடிமன், 18 மி.மீ. விட்டம், 70 மி.மீ. நீளம், உள்ளே இறுக்கிய கருமருந்து. மேலே சி6-5 என்று எழுதியிருக்கும். சி என்பது மொத்தத் தள்ளலின் வகுப்பு, 5-லிருந்து 10 நியூட்டன்-நொடிக்குள். 6 என்பது சராசரி விசை, நியூட்டனில். 5 என்பது எரிந்து முடிந்தபின் பாராசூட்டை வெளியே தள்ள எத்தனை நொடி காத்திருக்கும் என்பது. எழுத்து ஒன்று ஏறினால் மொத்தத் தள்ளலின் வரம்பு இரண்டு மடங்கு. துல்லியமான, நம்பகமான பொருள். எஸ்எல்வி-3-ஐ 1:25-இல் செய்து உண்மையிலேயே உயரே அனுப்ப வேண்டும் என்றால் இதுதான் வழி.

ஆனால் நம் நாட்டில் அது வெடிபொருள். 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் 2008-ஆம் ஆண்டு விதிகளும் அதற்குப் பொருந்தும். தபாலில் வரவழைத்து அலமாரியில் வைக்கிற சமாச்சாரம் இல்லை. உரிமம் உள்ளவர்களோடு சேர்ந்து, அவர்கள் மேற்பார்வையில், அவர்கள் மோட்டாரில் ஏவுகிற வாய்ப்பு கல்லூரி வழியாகக் கிடைத்தால் தாராளமாகப் போங்கள். பள்ளிப் பிள்ளைக்கு அது இப்போதைக்கு இல்லை.

இடையில் ஒரு மூன்றாவது வழியை யாராவது காதில் போடுவார்கள்: வீட்டிலேயே மருந்து கலப்பது, அல்லது தீபாவளி ராக்கெட்டைப் பிரித்து மருந்தை எடுப்பது. இதை ஒப்பீட்டில் சேர்க்கவே மாட்டேன். சட்டக் குற்றம் என்பது ஒரு பக்கம். தொழிலாகவே மருந்து கலப்பவர்கள் பட்டறையில் நடக்கிற விபத்தைப் பற்றிச் செய்தி வராத ஆண்டு தமிழ்நாட்டில் கிடையாது. நாம் சமையலறையில் எம்மாத்திரம்?

மிச்சமிருப்பது தண்ணீர் ராக்கெட். பலரும் இதை எல்கேஜி விளையாட்டு என்று இளக்காரமாகப் பார்க்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். முக்கால் லிட்டர் குளிர்பான பாட்டிலில் கால் லிட்டர் தண்ணீர் ஊற்றி, 5 பார், அதாவது பம்பின் மீட்டரில் 70 பிஎஸ்ஐ-க்குக் கொஞ்சம் மேலே காற்றடித்தால், தண்ணீர் நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் வெளியேறத் தொடங்குகிறது. மொத்தத் தள்ளல் 6, 7 நியூட்டன்-நொடி வரும். அதாவது ஒரு சின்ன சி வகுப்பு மோட்டார்! வித்தியாசம் எங்கே என்றால், அந்தத் தள்ளலில் பெரும்பங்கு தண்ணீரின் சொந்தக் கனத்தைத் தூக்குவதில் போய்விடும். காலி ராக்கெட்டின் எடை 150 கிராமுக்குள் நின்றால் 25 மீட்டர்வாக்கில் ஏறும், தென்னையைத் தாண்டும். மருந்து மோட்டார் இருநூறு மீட்டர் கொண்டுபோகும். முதல் ஏவலில் நாம் பார்க்க வேண்டியது உயரத்தை இல்லை, நேராகப் போகிறதா, உடையாமல் இறங்குகிறதா என்பதை. அதற்கு 25 மீட்டர் நல்ல உயரம்; எது எப்போது தவறியது என்பது கண்ணுக்கே தெரியும்.

தண்ணீர் என்று முடிவெடுத்த கையோடு ராக்கெட் தேர்வும் பாதி முடிந்துவிடுகிறது. பாட்டிலை உடம்புக்குள் ஒளிக்க வேண்டும் என்பதால் 70, 75 மி.மீ.க்குக் கீழே விட்டம் போகாது. அந்த விட்டத்தில் எஸ்எல்வி-3 செய்தால் 1:13 வரும், உயரம் 1.65 மீட்டரைத் தொடும், எடை தாங்காது. பிஎஸ்எல்விக்கு ஆறு பக்கக் குழாய்களின் சுமை வேறு. ஆர்எச்-75 மட்டும்தான் பாட்டிலுக்காகவே அளவெடுத்த மாதிரி இருக்கிறது.

பாட்டில் விஷயத்தில் கறாராக இருங்கள். சோடா, கோலா போல வாயு அடைத்து விற்ற பாட்டில் மட்டும். தண்ணீர் பாட்டில் மெல்லியது, ஆகாது. 75-க்குள் அடங்குகிறதா என்று அளந்து வாங்குங்கள். கீறல் இருந்தால் தூக்கி எறியுங்கள். பாட்டில் மேல் ஃபெவிக்விக்கோ சூடான பசையோ படவே கூடாது, பெட் பிளாஸ்டிக் அந்த இடத்தில் பலவீனமாகும். துடுப்பை ஒட்டுவது வெளியே போர்த்துகிற அட்டைக் குழாயில்தான். அளவு மாதிரிக்கு எப்படியும் அந்தப் போர்வை வேண்டும், இரண்டு வேலையும் ஒன்றில் முடிகிறது. முதலில் பாட்டில் நிறையத் தண்ணீர் ஊற்றி, காற்றுக்கு இடமே இல்லாமல், ஏவப்போகும் அழுத்தத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஏற்றிப் பாருங்கள். தண்ணீர் அமுங்காது, பாட்டில் விட்டுப்போனாலும் 'புஸ்' என்று ஒழுகும், வெடித்துச் சிதறாது.

ஏவுதளத்துக்கு எளிய வழி ரப்பர் கார்க்கில் சைக்கிள் வால்வைச் சொருகுவது. செலவே இல்லை. ஆனால் அது தனக்குத் தோன்றும்போதுதான் விடும், பெரும்பாலும் 2 பாரிலேயே. பத்து, ஒன்பது, எட்டு எண்ணிக்கொண்டிருக்கும்போது ஏழில் கிளம்பிவிடும். கேபிள் டை வளையம் வைத்துச் செய்கிற முறை மேல்: பாட்டில் கழுத்துக்குள் நுழையும் அரை இஞ்ச் பைப், கசியாமல் இருக்க ஓ-ரிங், கழுத்து விளிம்பைச் சுற்றிப் பிடிக்கும் டைகளின் தலைகள், அவற்றை விரியவிடாமல் வெளியே ஒரு பெரிய பைப் வளையம். வளையத்தில் கட்டிய கயிற்றை இழுத்தால் டைகள் விரியும், ராக்கெட் கிளம்பும். பிளம்பிங் தெரிந்தவர் ஒரு மாலையில் செய்து தருவார். இழுப்பவர் கயிறு முழுக்க, மற்றவர்கள் பத்து மீட்டராவது தள்ளி. பக்கத்தில் போய்க் காற்றடிப்பவருக்குக் கண்ணைக் காக்கும் கண்ணாடி கட்டாயம்.

உடம்பும் துடுப்பும்

குழாய்க்கு இரண்டு வழி: பழுப்புத் தாளைப் பசை தடவி மூன்று சுற்று, அல்லது சார்ட் அட்டையை ஒரே சுற்று. மூன்று சுற்று தாள் கம்பீரமாக இருக்கும், ஆனால் ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு அதுவே நூறு கிராமைத் தாண்டும். சார்ட் அட்டையில் பாதிதான். ஓரம் 15 மி.மீ. ஏறி ஒட்டுகிற மாதிரி விடுங்கள். நீளம் போதாவிட்டால் உள்பக்கம் ஒரு பட்டை வைத்து இரண்டைச் சேர்க்கலாம். சாதா ஃபெவிகால் தண்ணீர் பட்டால் இளகும், மரைன் வகை தாங்கும். வால் பக்கம் உள்ளேயும் வெளியேயும் வார்னிஷ் ஒரு கை அடிப்பது அவசியம். முதல் ஏவலிலேயே அந்தப் பகுதி குளித்து எழும். அசலின் நீளத்துக்கும் துடுப்பு அளவுக்கும், பக்கவாட்டில் எடுத்த படம் ஒன்றை எடுத்து, ஸ்கேல் வைத்து விட்டத்தை அளங்கள். அது 75 மி.மீ. என்பது தெரிந்ததால் மற்றதெல்லாம் விகிதத்தில் வந்துவிடும். துடுப்பு எத்தனை, எந்த நிறம் என்பதையும் படத்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். தும்பாவில் பழைய மாதா கோயில் கட்டடத்தில் இருக்கும் விண்வெளி அருங்காட்சியகத்துக்குச் சுற்றுலா போகும் வாய்ப்புக் கிடைத்தால் டேப்பையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

துடுப்புக்குப் பால்சா மரம் முதல் தரம், பெங்களூரிலிருந்தோ ஆன்லைனிலோ வரவழைக்கலாம். மர ரேகை துடுப்பின் முன்விளிம்புக்கு இணையாக இருக்க வேண்டும், குறுக்கே போனால் ஒடியும். கிடைக்காவிட்டால் தேர்தல் பதாகைக்குப் பயன்படுத்துகிற குழல் பிளாஸ்டிக் அட்டை. நனைந்தாலும் கவலையில்லை, பார்க்கத்தான் கொஞ்சம் தடிமன். மூக்குக்கு நூல் சுற்றி வரும் காகிதக் கோன். விசைத்தறி இருக்கும் ஊரில் காலிக் கோன் கேட்டால் பை நிறையத் தருவார்கள். அடிப்பக்கத்தில் ஒரு அட்டை வளையம் வைத்து 75-க்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். கடைசல் பட்டறையில் மரத்தில் கடைந்தால் வடிவம் அச்சு அசலாக வரும், எடைதான் கூடும்.

நேரே போகுமா என்று தரையிலேயே தெரிந்துகொள்ள

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள், இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். ராக்கெட்டுக்கு இரண்டு மையங்கள். எடை மையம், அதாவது விரல் மேல் வைத்தால் எங்கே சமனாக நிற்கிறதோ அது. காற்றழுத்த மையம், அதாவது பக்கவாட்டில் அடிக்கும் காற்றின் மொத்த விசையும் எங்கே விழுகிறதோ அது. எடை மையம் முன்னே, காற்றழுத்த மையம் பின்னே, நடுவில் குறைந்தது ஒரு விட்டம் இடைவெளி. நம் ராக்கெட்டில் 75 மி.மீ. அப்படியிருந்தால் ராக்கெட் கொஞ்சம் சாய்ந்தாலும் பின்னாலுள்ள காற்று விசை அதைத் திரும்ப நேராக்கும். மாறியிருந்தால் சாய்வு கூடிக்கொண்டே போகும்.

காற்றழுத்த மையத்தைக் கண்டுபிடிக்க மூன்று வழி. பள்ளியில் கணினி இருந்தால் ஓபன்ராக்கெட் என்ற இலவச மென்பொருள். ஹெல்சிங்கியில் சாம்போ நிஸ்கானென் என்பவர் முதுகலை ஆய்வுக்காகச் செய்தது. அளவுகளைக் கொடுத்தால் இரண்டு மையத்தையும் படத்திலேயே குறித்துக் காட்டும். கணினி இல்லையென்றால் அட்டை நிழல் முறை: ராக்கெட்டின் பக்கவாட்டு உருவத்தைச் சின்னதாக ஒரு அட்டையில் வரைந்து வெட்டி, ஸ்கேல் விளிம்பில் சமன் செய்யுங்கள். அது நிற்கிற இடம் ஏறக்குறையக் காற்றழுத்த மையம். துடுப்பு உள்ள ராக்கெட்டுக்கு இது பாதுகாப்பான கணக்கு, உண்மையான மையம் இன்னும் பின்னால்தான் இருக்கும். பிஎஸ்எல்வி போலத் துடுப்பில்லாத உருவத்துக்கு இந்த அட்டையை நம்பாதீர்கள். உண்மை மையம் மூக்குப் பக்கம் வெகுதூரம் போய்விடும், அட்டை நடுவில் காட்டி ஏமாற்றும்.

மூன்றாவது, எனக்குப் பிடித்தது, கயிற்றில் கட்டிச் சுற்றுவது. பாராசூட்டை மடித்து வைத்து, தண்ணீர் இல்லாமல், எடை மையத்தில் கயிறு கட்டி டேப் ஒட்டுங்கள். இரண்டரை, மூன்று மீட்டர் கயிறு விட்டுத் தலைக்கு மேல் சுற்றுங்கள். மூக்கு முன்னே பார்த்துப் போனால் சரி. பக்கவாட்டில் புரண்டாலோ வால் முன்னே வந்தாலோ மூக்குக்குள் கொஞ்சம் எம்-சீல் அப்பி, புதிய எடை மையத்தில் கயிற்றை மாற்றிக் கட்டி மறுபடி சுற்றுங்கள். தண்ணீர் ஊற்றியபின் எடை பின்னால் போகுமே என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். போகும்தான். ஆனால் தண்ணீர் ஒரு நொடிக்குள் காலியாகிவிடும், அதில் முதல் பகுதி ஏவுகம்பியின் பிடியிலேயே கழிகிறது. மிச்சப் பயணம் முழுக்கக் காலி ராக்கெட்தான்.

இறங்குவது எப்படி? ஸ்பாஞ்சு மூக்கு வைத்து அப்படியே விழவிடலாம், ரிப்பன் கட்டலாம், பாராசூட் வைக்கலாம். வாரக்கணக்கில் உருட்டி ஒட்டிய உருவத்துக்குப் பாராசூட்தான் நியாயம். பழைய குடைத் துணியில் அரை மீட்டர் விட்டத்துக்கு வெட்டினால் 150 கிராம் ராக்கெட் நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் இறங்கும். கேரி பேக்கில் செய்யலாம் என்று பழைய புத்தகங்கள் சொல்லும். 2019-லிருந்து அது தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள். உச்சியில் ராக்கெட் கவிழும்போது மூக்கு நழுவித் துணியை இழுத்து வர வேண்டும், ஆகவே மூக்கின் பொருத்தம் முக்கியம். மூக்கைப் பிடித்து ராக்கெட்டைத் தூக்கினால் கழன்று வரக் கூடாது. லேசாகச் சுண்டி இழுத்தால் வர வேண்டும். இதைவிடத் தளர்வாக இருந்தால் ஆபத்து. தண்ணீர் தீர்ந்த கணம் துடுப்புள்ள உடம்பைக் காற்று பிடித்து நிறுத்தும், கனமான மூக்கு மட்டும் முன்னே பாயப் பார்க்கும். முழு வேகத்தில் பாராசூட் விரிந்து நூலெல்லாம் அறுந்துவிடும். தளர்ந்தால் டேப் ஒரு சுற்று, இறுகினால் உப்புத்தாள் இரண்டு தேய்ப்பு.

வண்ணம் அடித்துவிட்டுப் பறக்கவிடுவதா, பறந்தபின் அடிப்பதா? போட்டோவுக்காக முதலிலேயே அடிக்க எல்லோருக்கும் கை அரிக்கும். பிரைமரோடு பறக்கவிடுங்கள். பட்டி பார்த்து, தேய்த்து, இரண்டு கோட் ஸ்பிரே அடித்தால் எடை கூடும், அதில் பெரும்பங்கு துடுப்புகள் உள்ள பின்பக்கம் சேரும். பறந்து வந்ததற்கு வண்ணம் அடித்தால் மறுபடி ஒரு தடவை கயிற்றில் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

எங்கே, எப்போது

ஆடிக் காற்றில் வேண்டாம். ஆனியிலிருந்து ஆவணி வரைக்கும் நம் மாவட்டங்களில் காலை எட்டு மணிக்கே மரம் ஆடும். ஐப்பசி, கார்த்திகை மழை. தை, மாசியில் விடிந்து வெயில் ஏறுவதற்குள் ஒரு மணி நேரம் காற்று படுத்திருக்கும், அதுதான் சரியான நேரம். ராகியும் நிலக்கடலையும் எடுத்து முடித்த கொல்லை, அல்லது காய்ந்த ஏரியின் நடுப்பகுதி. கொல்லைக்காரரிடமும் ஊராட்சியிலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சொல்லாமல் போனால்தான் பிரச்சினை. 25 மீட்டர் உயரத்திலிருந்து இறங்க ஆறு நொடி. நொடிக்கு 3 மீட்டர் இளங்காற்றில் இருபது மீட்டர் நகரும். பள்ளி மைதானமே போதும். இதே காற்றில் மருந்து மோட்டார் ராக்கெட் இருநூறு மீட்டரிலிருந்து இறங்கினால் 150 மீட்டர் தள்ளிப் போய் யாரோ ஒருவரின் மாந்தோப்பில் தொங்கும். காய்ந்த புல்லில் பொறி விழுகிற கவலையும் தண்ணீருக்கு இல்லை.

ஓசூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பேளகொண்டப்பள்ளியில் விமான ஓடுதளம் இருக்கிறது, அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு சூளகிரிப் பக்கமாகத் தள்ளி இடம் பாருங்கள். தேசிய நெடுஞ்சாலைக்கும் ரயில் பாதைக்கும் பக்கத்தில் வேண்டாம். உயரழுத்த மின்கம்பி போகாத கொல்லையாகப் பார்ப்பதுதான் இங்கே கஷ்டம். பாராசூட் கம்பியில் மாட்டிக்கொண்டால் கழி, கல், ஏணி எதையும் தொடாதீர்கள். மின்வாரியத்துக்குச் சொல்லிவிட்டு அடுத்த குழாயை உருட்ட ஆரம்பியுங்கள், அச்சு பைப் வீட்டில்தானே இருக்கிறது.